மூடுபனிக் காலத்தில் ஆக்ரா: தனியாகப் போகிறவர்களுக்கு என் அனுபவம்

ஆக்ராவுக்கு எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் அக்டோபரிலிருந்து மார்ச் வரை என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஆறு மாதத்துக்கு நடுவே டிசம்பரின் பிற்பகுதியும் ஜனவரியும் தனிக் காலம் என்று எனக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை. நம் பள்ளிகளின் அரையாண்டுத் தேர்வு விடுமுறை சரியாக அந்த நேரத்தில்தான் வருகிறது. ஆசிரியர்களும், படிக்கிற பிள்ளைகள் உள்ள குடும்பங்களும் வடக்கே கிளம்புவதும் அப்போதுதான். நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவள். முகலாயர் பாடம் வரும்போதெல்லாம் தாஜ்மஹாலின் நாற்புறத் தோட்டத்தைக் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட்டு வந்து பாடம் எடுக்கவேண்டும் என்ற ஆசையில் தனியாகவே கிளம்பினேன். போன இடத்தில் பட்ட பாட்டில் பாதி, முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் வந்தே இருக்காது. அடுத்து போகிறவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்குள்ள மசூதியில் தொழுகைக்கு வருகிறவர்களைத் தவிர வேறு யாரையும் அன்று உள்ளே விடுவதில்லை. அதனால் வியாழன் விடியலில் ஆக்ரா கன்டோன்மென்டில் இறங்கும்படி ரயில் பார்த்து எடுத்தேன். வியாழன் தாஜும் கோட்டையும், வெள்ளி யமுனையின் மறுகரையும் சிக்கந்தராவில் உள்ள அக்பர் கல்லறையும், அன்றிரவே திரும்பும் ரயில் என்று திட்டம். தாஜுக்கு வியாழக்கிழமைத் தேதி போட்டு ஆன்லைனில் டிக்கெட் வாங்கிவிட்டேன். வளாகத்துக்குள் நுழைய இந்தியர்களுக்கு 50 ரூபாய். கல்லறை இருக்கும் மேடைமீது ஏறி உள்ளே போகவேண்டுமானால் மேற்கொண்டு 200 ரூபாய். இரண்டும் சேர்த்து 250 கட்டினேன். இலங்கையிலிருந்து போகிற நம்மவர்களுக்கு சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டினர் என்ற முறையில் 540 ரூபாய்க் கட்டணம் தனியாக இருக்கிறது. மற்ற வெளிநாட்டினருக்கு உரிய 1,100 ரூபாயை அவர்கள் கட்டவேண்டியதில்லை. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்தால் போதும். இவையெல்லாம் நான் போனபோது இருந்த கட்டணங்கள். போகுமுன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் போபால் தாண்டும்வரை நேரத்துக்குத்தான் ஓடியது. நள்ளிரவுக்குமேல் வேகம் குறைந்தது. விடிந்து பார்த்தபோது ஜன்னலுக்கு வெளியே எதுவுமே இல்லை. வயலும் இல்லை, தந்திக் கம்பமும் இல்லை; வெறும் வெள்ளை. குவாலியரை நெருங்கும் முன்பே நின்று நின்று போகத் தொடங்கியது. அதற்குப் பிறகு மொரேனாவிலும் சம்பல் பாலத்துக்கு முன்பும் நின்ற நேரத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. எதிர் இருக்கையில் ஒரு தமிழ் ராணுவ வீரர் இருந்தார். விடுப்பு முடிந்து முகாமுக்குத் திரும்புகிற பையன். "இந்த நேரத்தில் இப்படித்தான் அக்கா. டிரைவருக்கு சிக்னல் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த சிக்னல் எத்தனை தூரத்தில் வருகிறது என்று சொல்லும் கருவி ஒன்று வைத்திருப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு மெதுவாகத்தான் ஓட்டமுடியும்" என்றார். ஃபாக் பாஸ் என்று அந்தக் கருவிக்குப் பெயராம். காற்று அசையாமல், தரை குளிர்ந்து, ஈரம் கீழேயே தேங்கிவிடுவதால் கங்கைச் சமவெளி முழுக்க இப்படிப் போர்த்திக்கொள்கிறது. ஒரு ரயில் தாமதமானால் அதன் பின்னால் வருகிற எல்லாமே தாமதம். அவருக்கு அது பழக்கம். பையில் ரொட்டியும் கடலை மிட்டாயும் வைத்திருந்தார். காலையில் இறங்கிவிடுவோம் என்ற கணக்கில் என் இட்லிப் பொட்டலம் முந்தின இரவே தீர்ந்திருந்தது. அவர் கொடுத்த ரொட்டிதான் அன்று எனக்குக் காலை உணவும் மதிய உணவும். இந்த மாதங்களில் வடக்கே ரயிலில் போகிறவர்கள் ஒரு வேளை உணவும் ஒரு பாட்டில் தண்ணீரும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைப் பெட்டிக்குள் பூட்டிவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்ரா கன்டோன்மென்டில் இறங்கியபோது மாலை நாலே கால். தாஜ்மஹால் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு திறந்து, அஸ்தமனத்துக்கு அரை மணி முன்பு மூடுகிறது. டிசம்பர் கடைசியில் அங்கே ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். நுழைவு அதற்கும் முன்பே நின்றுவிடும். பெட்டியோடு ஓடினாலும் எட்டாது. தேதி போட்டு வாங்கிய டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்றமுடியாது, பணமும் திரும்பக் கிடைக்காது. மறுநாளோ வெள்ளி. பெண்கள் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். 250 ரூபாய்க்காக இல்லை. இத்தனை வருடம் காத்திருந்து, ஊரின் வாசல்வரை வந்துவிட்டுப் பார்க்காமலே திரும்பப்போகிறேனோ என்ற பயம்.

அழுது முடித்தபிறகுதான் மூளை வேலை செய்தது. வெள்ளி இரவு ரயிலை ரத்து செய்தேன். கட்டணத்தில் கால்பங்கு பிடித்துக்கொண்டார்கள். சனிக்கிழமை இரவுக்கு எந்த வகுப்பிலும் இடமில்லை. தட்கல்தான் வழி. ஏசி வகுப்புகளுக்கான தட்கல் பயணத்துக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்குத் திறக்கும், படுக்கை வகுப்புக்கு 11 மணி. ஆகவே வெள்ளி காலை பத்து மணிவரை விடுதியைவிட்டு நகரக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். வியாழன் காலையிலிருந்தே வாடகை கொடுத்திருந்த அறையில் நான் தலைவைத்தது இரவில்தான். அதே அறையை மேலும் ஒரு நாளைக்கு நீட்டித்ததில் 1,700 ரூபாய் போனது. நீங்கள் இந்த மாதங்களில் போவதாக இருந்தால் திட்டத்தை இப்படிப் போடுங்கள்: ஊர் போய்ச் சேருகிற நாளில் எதற்கும் டிக்கெட் வாங்காதீர்கள், அந்த நாள் ரயிலுக்கே போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தாஜுக்கு ஒதுக்கும் நாளுக்கு அடுத்த நாள் வெள்ளியாக இருக்கவே கூடாது. சனி அல்லது ஞாயிறு இறங்கினால், ஒரு நாள் வீணானாலும் அடுத்த நாள் கைவசம் இருக்கும். தாஜ் டிக்கெட்டை ஆக்ராவில் கால் வைத்தபிறகு போனிலேயே வாங்கிக்கொள்ளலாம். அவசரப்பட்டு வீட்டிலிருந்தே வாங்கவேண்டியதில்லை.

குளிரையும் சொல்லிவிடவேண்டும். இரவில் ஏழெட்டு டிகிரிக்கு இறங்குகிறது. பகல் முழுவதும் வெயில் வராத நாட்களும் உண்டு. சுமாரான விடுதிகளில் ஹீட்டர் கிடையாது. கேட்டால் வாடகைக்குத் தருவார்கள். ஊட்டிக்குப் போட்டுக்கொண்டு போகிற ஒற்றை ஸ்வெட்டர் போதவில்லை. காலுக்குக் கம்பளி சாக்ஸ் கட்டாயம்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். தட்கல் கிடைத்துவிட்டது. அந்த நிம்மதியோடு விடுதி வாசலில் நின்ற ஆட்டோ ஒன்றைப் பேசினேன். இதிமாத்-உத்-தௌலா கல்லறை, சீனி கா ரௌஸா, மஹதாப் பாக், திரும்பும் வழியில் ஆக்ரா கோட்டை. மாலைவரை 900 ரூபாய். ஓட்டுநர் நடுத்தர வயதுக்காரர், நல்ல மரியாதையாகப் பேசினார். என் அரைகுறை இந்திக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். யமுனைப் பாலத்துப் பக்கம் போகாமல் வண்டி வேறு சந்தில் திரும்பியது. கேட்டதற்கு, "மாதாஜி, தாஜ்மஹால் கட்டிய கைவினைஞர்களின் வம்சத்தார் வேலை செய்கிற இடம், இலவசம், அஞ்சே நிமிஷம்" என்றார். உள்ளே வாசலோரம் ஒருவர் சாணைச் சக்கரத்தில் சிறு கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பளிங்கில் குழி வெட்டி அதில் வண்ணக் கல் பதிக்கும் பர்ச்சின்காரி வேலை. அது உண்மையாகவே பார்க்கவேண்டிய வேலை. அந்த மனிதரின் விரல்கள் தேய்ந்து நகம் இல்லாமல் இருந்தன. ஆனால் அவரிடம் நின்று பேச விடவில்லை. தேநீர் வந்தது. கதவு சாத்தப்பட்டது. விளக்கை அணைத்து, தட்டுக்கு அடியில் டார்ச் அடித்து, ஒளி ஊடுருவுகிறது பாருங்கள், இதுதான் தாஜ் கட்டிய அசல் மக்ரானா பளிங்கு என்றார்கள். விலை பதினெட்டாயிரத்தில் தொடங்கி இறங்கிக்கொண்டே வந்தது. வேண்டாம் என்று எழுந்து வெளியே வந்தால் ஆட்டோ இல்லை. ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருக்கிறார், உட்காருங்கள் என்றார்கள். என் துணிப்பை அந்த ஆட்டோவில் இருந்தது.

அந்த முக்கால் மணி நேரத்தை எப்படி விவரிப்பது? யாரும் மிரட்டவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. ஆனால் தெரியாத ஊரில், பெயர் தெரியாத சந்தில், வண்டி இல்லாமல், மூன்று ஆண்களுக்கு நடுவே சிரித்த முகத்தோடு உட்காரவைக்கப்படும்போது வருகிற பயம் பெண்களுக்குப் புரியும். கடைசியில் 600 ரூபாய்க்கு ஒரு சின்னத் தட்டு வாங்கினேன். வாங்கிய அடுத்த நிமிடம் ஆட்டோ வந்து நின்றது. அதற்குப் பிறகு தோல் பொருள் கடை, அடுத்து பேட்டா மிட்டாய்க் கடை. வெண்பூசணியில் செய்யும் அந்த மிட்டாய் ஆக்ராவின் அடையாளம், நல்ல தின்பண்டம்தான். ஆனால் நான் வந்தது அதற்கில்லை. அங்கே என் பையை எடுத்துக்கொண்டு, நானூறு ரூபாயை அவர் கையில் கொடுத்து, இதோடு போதும் என்று சொல்லிவிட்டேன். அவர் சத்தம் போட்டார். கடைவீதியில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அது எனக்குச் சாதகமாகவே ஆயிற்று, முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். மணி ஒன்றரை தாண்டியிருந்தது. காலை முழுவதும் போயிற்று. கோட்டையும் அன்றைக்குக் கைவிட்டுப்போயிற்று.

இரவு விடுதி மேலாளரிடம் தட்டைக் காட்டினேன். நகத்தால் ஓரத்தைக் கீறிப் பார்க்கச் சொன்னார். மாவாக உதிர்ந்தது. மாக்கல். பளிங்கில் நகம் கோடு போடாது. மாக்கல்லும் அலபாஸ்டர் என்ற மென்மையான வெள்ளைக் கல்லும் நகத்துக்கே இளகிவிடும். டார்ச் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை, அலபாஸ்டரிலும் ஒளி ஊடுருவும். அவர் சொன்ன இன்னொரு விஷயம் முக்கியமானது. வண்டிக்காரருக்குக் கடைக்காரர் தருகிற பங்கு, நாம் தருகிற வாடகையைவிடப் பெரிது. அதனால்தான் வாடகை அவ்வளவு மலிவாகப் பேசப்படுகிறது. 'நாள் முழுவதும் இவ்வளவுதான்' என்று யாராவது மிகக் குறைவாகச் சொன்னால், மீதியைக் கடையில் உங்களிடமிருந்தே வாங்கப்போகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். ஒரு நாளை மொத்தமாக ஒருவர் கையில் கொடுக்காமல், ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு மட்டும் செயலி வழியாக வண்டி எடுங்கள். கொஞ்சம் கூடுதலாகும், ஆனால் நேரம் உங்களுடையது. ரயில் நிலையத்தில் முன்பணம் கட்டி வண்டி எடுக்கும் சாவடி இருக்கிறது. அங்கே சீட்டு வாங்கிக்கொண்டு ஏறினால் பேரம் இல்லை. பையை ஒருபோதும் வண்டியில் விட்டு இறங்காதீர்கள். வண்டி எண்ணை ஏறும்போதே படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள்; அவர் பார்க்கும்படியாகவே அனுப்புங்கள். வழிகாட்டி வேண்டுமென்றால் படம் ஒட்டிய அரசு உரிம அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிறவர் வழிகாட்டி இல்லை.

யமுனையின் மறுகரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பனி விலகி வெளிறிய வெயில் வந்திருந்தது. இதிமாத்-உத்-தௌலா கல்லறையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அன்றைய தினத்தை எனக்கு மீட்டுக் கொடுத்தது அதுதான். ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹான் தன் தந்தை மிர்ஸா கியாஸ் பேக்குக்காக 1622-க்கும் 1628-க்கும் இடையில் கட்டியது. பாரசீகத்திலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்து அக்பரிடம் வேலையில் சேர்ந்து, ஜஹாங்கீர் காலத்தில் முதன்மை அமைச்சராக உயர்ந்தவர் அவர். இதிமாத்-உத்-தௌலா என்பது அவருடைய பட்டம். நான்கு மூலைகளிலும் எண்கோணக் கோபுரம், நடுவில் சிறு மேல்மாடம். தாஜின் பிரமாண்டம் எதுவும் இல்லை. அருகே போனால் சுவர் தெரியவில்லை, வேலைப்பாடு மட்டும்தான் தெரிகிறது. மதுக்குடுவை, கிண்ணம், பழத்தட்டு, சைப்ரஸ் மரம், பூச்சாடி, எல்லாம் வண்ணக் கல்லைப் பளிங்கில் பதித்துச் செய்தவை. காலையில் அந்தக் கூலி மனிதர் சாணையில் தேய்த்துக்கொண்டிருந்த வேலை இதுதான். சுவர்முன் நின்று ஒரு பூவிதழுக்கு எத்தனை துண்டு என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் தேய்ந்த விரல் ஒன்று இருந்திருக்கும். உள்ளே தாயும் தந்தையும் பக்கத்தில் பக்கத்தில். கல்லில் துளையிட்டுச் செய்த ஜாலிப் பலகணிகள் வழியே வந்த வெளிச்சம் தரையில் நட்சத்திரம் நட்சத்திரமாக விழுந்தது. ஒரு மகள் தன் பெற்றோருக்குக் கட்டியது, அதுவும் கணவன் மனைவிக்குத் தாஜ் கட்டத் தொடங்குவதற்கு முன்பே. இந்தக் கட்டடத்தைப் பற்றி இனி என் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவேன்.

அங்கிருந்து வடக்கே சற்றுத் தூரத்தில் சீனி கா ரௌஸா. ஷாஜஹானின் அமைச்சர் அஃப்ஸல் கானின் கல்லறை. சுவர் முழுக்கப் பதித்திருந்த மெருகு ஓடுகளில் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. மிச்சமிருக்கும் நீலமும் ஆரஞ்சும் மட்டுமே எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கவைக்கின்றன. ஆள் நடமாட்டம் குறைவான இடம் என்பதால் பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டேன். தனியாகப் போகிற பெண்கள் பொழுது சாய்ந்தபின் அங்கே நிற்கவேண்டாம். பிறகு தெற்கே மஹதாப் பாக். தாஜுக்கு நேர் எதிரே, ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் தோட்டம். ஷாஜஹான் தனக்காகக் கறுப்புத் தாஜ் கட்டத் தொடங்கிய இடம் என்று இன்னமும் கதை சொல்கிறார்கள். தொல்லியல் துறை தோண்டிப் பார்த்தபோது கிடைத்தது பெரிய எண்கோணக் குளமும் தோட்டத்தின் அமைப்பும்தான். தாஜ் மூடியிருக்கும் வெள்ளிக்கிழமையும் இந்தத் தோட்டம் திறந்திருக்கிறது. முள்வேலிக்கு இந்தப் பக்கம் நின்று முதல்முதலாகத் தாஜ்மஹாலைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஆக்ராவில் மாட்டிக்கொண்டவர்கள் நாளைத் தொலைத்துவிட்டதாக நினைக்கவேண்டாம். மறுகரை இடங்கள், கோட்டை, சிக்கந்தரா, ஃபதேபூர் சிக்ரி எல்லாமே அன்று திறந்திருக்கும். மஹதாப் பாக்கை மட்டும் காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள், பனியில் எதிர்க்கரையே தெரியாது.

சனிக்கிழமை. தாஜை விடியலில் பார்க்கவேண்டும், கூட்டம் இருக்காது, சூரியன் படும்போது நிறம் மாறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மார்ச்சிலும் அக்டோபரிலும் அது உண்மையாக இருக்கலாம். டிசம்பர் கடைசியில் தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். நான் ஆறு மணிக்குக் கிழக்கு வாசலுக்குப் போனேன். பெட்ரோல், டீசல் வண்டிகளைத் தாஜுக்கு அருகே விடுவதில்லை. ஷில்ப்கிராம் நிறுத்துமிடத்தில் இறங்கி மின்சார வண்டியிலோ நடந்தோ போகவேண்டும். விடுமுறைக் கூட்டம் விடிகிற முன்பே வரிசையில் நின்றது. வரிசையில் நிற்காமல் உள்ளே அழைத்துப்போகிறேன் என்று நாலைந்து பேர் காதோரம் வந்து சொன்னார்கள். ஆண், பெண் வரிசைகள் தனித்தனி, சோதனை எல்லோருக்கும் உண்டு, குறுக்கு வழி எதுவும் கிடையாது. உணவுப் பொருள், பாக்கு புகையிலை, தீப்பெட்டி, ட்ரைபாட், பெரிய பை எதையும் அனுமதிப்பதில்லை. பொருள் வைக்கும் அறைக்குத் திரும்பி ஓடினால் வரிசையில் மறுபடி கடைசி. பர்ஸ், போன், தண்ணீர் பாட்டில் போதும்.

பெரிய செந்நிற வாயிலைத் தாண்டி உள்ளே போனேன். அந்த வளைவுக்குள்ளிருந்துதான் முதல் காட்சி கிடைக்கும் என்று என் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எதிரே ஒன்றுமில்லை. நீர்த்தடத்தின் முதல் சில அடிகள், அதன் பிறகு வெள்ளை. சுமார் 73 மீட்டர் உயரக் கட்டடம் இருந்த இடம் தெரியாமல் மறைந்திருந்தது. சுற்றிலும் நின்ற குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளிடம் "அங்கேதான் இருக்கிறது" என்று விரலால் வெறும் வெளியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு டிக்கெட்டுக்கு 3 மணி நேரம்தான். வெளியே வந்துவிட்டு அதே டிக்கெட்டில் மறுபடி நுழையமுடியாது. ஒன்பது மணிவரை பொறுத்துப் பார்த்தேன். பனி அசையவில்லை.

ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை நான் குறை சொல்லமாட்டேன். தூரத்திலிருந்து பார்க்கமுடியாததால் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பனி வழிந்து ஈரமாயிருந்த பளிங்கில் பதித்த கற்கள் நிறம் கூடித் தெரிந்தன. வாயில் வளைவைச் சுற்றி அமானத் கான் எழுதிய குர்ஆன் வாசகங்கள், கீழிருந்து பார்க்கிறவருக்கு ஒரே அளவாகத் தெரிவதற்காக மேலே போகப்போக எழுத்தைப் பெரிதாக்கி அமைத்தது. உள்ளே நடுவில் மும்தாஜ், பக்கத்தில் ஒதுங்கினாற்போல் ஷாஜஹான். மும்தாஜுக்கென்றே சமச்சீராகத் திட்டமிட்ட அறையில், 1666-இல் இறந்த ஷாஜஹானுக்கு ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை, கூட்டம் தள்ளிக்கொண்டே போகும். எடுக்கவேண்டியதையெல்லாம் மேடையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்து பேடையும் உருளைக்கிழங்குக் குழம்பும் சாப்பிட்டேன். பருப்பு அடைத்த பூரி அது, காலையில் ஆக்ராவே அதைத்தான் சாப்பிடுகிறது. பிறகு மேற்கு வாசலில் இன்னொரு 50 ரூபாய் டிக்கெட் வாங்கினேன். கல்லறை மேடையை ஏற்கெனவே பார்த்துவிட்டதால் 200 ரூபாய் தேவைப்படவில்லை. பன்னிரண்டு மணிவாக்கில் மறுபடி அந்த வாயிலுக்குள் நுழைந்தபோது எல்லாம் தெளிந்திருந்தது, நீர்த்தடத்தில் நிழலோடு. கூட்டம் மிகுதி, தோள் இடித்தது, சுற்றிலும் சத்தம். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. மூடுபனிக் காலத்தில் போகிறவர்கள் பதினொரு மணிக்குப் பிறகு உள்ளே போங்கள். பனி கலைந்துவிட்டதா என்று விடுதி மொட்டைமாடியிலிருந்து பார்த்துவிட்டு அதன்பின் டிக்கெட் வாங்குங்கள்.

தாஜிலிருந்து கோட்டைக்கு ஆட்டோ பேசவில்லை. 2024 மார்ச்சிலிருந்து ஆக்ராவில் மெட்ரோ ஓடுகிறது. தாஜ் கிழக்கு வாசல், ஃபதேஹாபாத் சாலை, தாஜ்மஹால், ஆக்ரா கோட்டை, மனகாமேஷ்வர் எல்லாம் ஒரே தடத்தில் இருக்கின்றன. தனியாகப் போகிற பெண்ணுக்கு இதைவிட நிம்மதி வேறில்லை. பேரம் கிடையாது, கடை கிடையாது. கோட்டையில் அமர் சிங் வாயில் வழியாகத்தான் நுழைவு. மறுபக்கம் பெரும்பகுதி ராணுவத்திடம் இருக்கிறது. அக்பர் 1565-இல் செங்கல் கோட்டையை இடித்துச் சிவப்புக் கல்லில் எழுப்பியது, பிறகு ஷாஜஹான் பளிங்கு மண்டபங்களைச் சேர்த்தார். அவற்றில் ஒன்றான முஸம்மன் புர்ஜில்தான், 1658-இல் மகன் ஔரங்கசீப்பால் சிறைவைக்கப்பட்டு, கடைசி எட்டு வருடம் தாஜைப் பார்த்தபடி இருந்தார் என்பார்கள். மூன்று மணி நேரம் ஒதுக்கவேண்டிய இடத்துக்கு எனக்குக் கிடைத்தது ஒன்றரை மணி. சிக்கந்தராவுக்குப் போகவே முடியவில்லை. 1613-இல் முடிந்த அந்தப் பெரிய வாயிலையும் அதன் நான்கு வெள்ளைத் தூபிகளையும் பார்க்காமல் வந்தது இன்னமும் மனத்தை அறுக்கிறது. வெள்ளிக்கிழமை காலையை அந்தக் கடைச் சந்து தின்றுவிட்டது.

திரும்பும் ரயிலும் தாமதம்தான். இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. நம் ஊர்ப்பக்கம் வருகிற பல ரயில்கள் டெல்லியிலிருந்து கிளம்புகின்றன. அங்கிருந்து ஆக்ராவுக்கு இரண்டரை மூன்று மணி நேரம் ஆகும். ஆகவே டெல்லியில் ரயில் புறப்பட்டுவிட்டது என்று செயலியில் தெரிந்தபிறகு விடுதியிலிருந்து கிளம்பினால் போதும். குளிரில் நடைமேடையில் நடுங்கவேண்டாம். கூடுதல் நேரத்துக்கு விடுதியில் 500 ரூபாய் கேட்டார்கள், கொடுத்தேன், அது செலவாகத் தெரியவில்லை. நாம் ஏறும் நிலையத்தில் ரயில் 3 மணி நேரத்துக்குமேல் தாமதமானால், பயணத்தைக் கைவிட்டு முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம், தட்கலுக்கும் இது பொருந்தும். ஆனால் ரயில் அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிவு செய்துவிடவேண்டும். வேறு வழியாகப் போகமுடிந்தவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எனக்கு வேறு வழி இல்லாததால் காத்திருந்து அதே ரயிலில் வந்தேன். பள்ளி திறந்த நாளில் நான் இன்னும் ரயிலில்தான் இருந்தேன். தலைமையாசிரியருக்குப் போனில் சொல்லித் தற்செயல் விடுப்பு எடுத்தேன்.

சிக்கந்தராவுக்காக இன்னொரு தடவை போகத்தான் போகிறேன். காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வருகிறது. வெயில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், மழையின் மிச்சமும் இருக்கலாம், மூடுபனி இருக்காது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போக நினைக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் அந்த விடுமுறையைப் பாருங்கள். இறங்கும் நாள் வியாழனாக மட்டும் இருக்கவேண்டாம்.